மருந்துக்கு ஆறு நண்பர்கள்

கதவு மணியை அழுத்திய பிறகுதான் டெல்மருக்கு உறைத்தது, செத்துப்போன லாயிட்டின் முகம் தனக்குத் தெரியவே தெரியாது என்று.

இரண்டு கைகளிலும் சூடான பாத்திரம். கொத்திறைச்சியும் உருளைக்கிழங்கு உருண்டையும் போட்டு மனைவி பெவ் அடுப்பில் வாட்டிக் கொடுத்த ஹாட்டிஷ். பாத்திரம் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். நார்பி ஊரில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். முகம் தெரியாதவன் சாவுக்கும் யாரும் போக மாட்டார்கள்.

லாயிட்டுக்கு வழுக்கையா? மீசை உண்டா? குண்டா, ஒல்லியா? டெல்மர் யோசித்துப் பார்த்தார். நார்பியில் மொத்தம் எண்ணூறு பேர். அதில் ஒருத்தனை எப்படித் தெரியாமல் போகும்?

எல்லாம் வெடிமருந்தால் வந்த வினை.

டெல்மர் தானியக் கிடங்கில் முப்பது வருஷம் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்றவர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, தேய்த்துக் கழுவி, மறுபடி மருந்து நிரப்பி, குண்டு பொருத்தித் தானே தோட்டா செய்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் மட்டுமில்லை, ஊரில் பாதி ஆண்பிள்ளைகளின் கார் கொட்டகையில் அதற்கென்று ஒரு மேஜை உண்டு. பதினாலு மாதமாக அந்த மேஜைகள் எல்லாம் தூசி படிந்து கிடந்தன. மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. டெப் தன் வேட்டைச் சாமான் கடையில் மருந்து அடுக்கும் அலமாரியில் இப்போது பறவைத் தீனி விற்றாள். டெல்மர் மூன்று மாநிலங்களில் உள்ள கடைகளுக்கும் போன் போட்டுப் பார்த்தார். ஃபார்கோ நகரம்வரை இரண்டு முறை வண்டி ஓட்டிக்கொண்டு போய், மருந்து கிடைக்காமல் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு திரும்பினார். ரேஞ்சு என்று ஊர் சொல்லும் சுடும் மைதானத்தில் சத்தமே இல்லை. எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டு, முன்னொரு காலத்தில் தாங்கள் சுட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மினியாபொலிஸில் இருக்கும் மகள் மாரிட், ஏழு வருஷத்துக்குப் பிறகு போன் பண்ணி, "அப்பா, தாத்தாவோட துப்பாக்கி இன்னும் இருக்கா? இந்தத் தடவ மான் வேட்டை சீசனுக்கு நானும் வரேன்" என்றாள். "வாம்மா, தோட்டா நான் செஞ்சு வைக்கறேன்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டார். அந்தப் பழைய துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா கடையில் கிடைப்பதில்லை. வீட்டில் மிச்சம் இருந்தது மூன்று.

அன்று காலை டெப் அவரைக் கடையின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு மட்டும் சொல்றேன். மில் தெரு லாயிட் போயிட்டாராம். வீட்டுக் கீழ் அறை பூரா மருந்து டப்பாவாம்."

"எந்த லாயிட்? ரேஞ்சுல நான் பாத்ததே இல்லையே?"

"அவ்வளவு மருந்து வச்சிருக்கறவரு ரேஞ்சுக்கு வந்து காட்டிக்குவாரா?"

அது டெல்மருக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. யாரும் பார்த்ததே இல்லையென்றால், எவ்வளவு வைத்திருப்பான்!

கதவு திறந்தது. எழுபதை நெருங்கும் ஒடிசலான பெண். லாயிட்டின் மனைவி வயலெட். அழுது வீங்கிய கண்கள்.

"நான் டெல்மர். லாயிட்டுக்கு..." என்று ஆரம்பித்தார். 'தெரிஞ்சவன்' என்று சொல்வதாகத்தான் எண்ணம். பாத்திரம் கையைச் சுட்டது. "சினேகிதன்" என்று வாயில் வந்துவிட்டது.

வயலெட் அவரையே பார்த்தாள்.

"சினேகிதரா? லாயிட்டுக்கா?"

"ஆமாம்மா."

"ஆர்டிஸ்! இங்க வாயேன்! உங்க அண்ணனோட சினேகிதர் வந்திருக்காரு!"

"வந்துட்டாங்களா?" என்று சமையலறையிலிருந்து ஒரு கணீர்க் குரல். லாயிட்டின் தங்கை ஆர்டிஸ் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கல்யாணமோ சாவோ, நார்பி தேவாலயத்துச் சமையலறை அவள் கையில்தான். முதலில் பாத்திரத்தைப் பார்த்தாள், பிறகு டெல்மரின் தோள்களைப் பார்த்தாள், கடைசியாக முகத்தைப் பார்த்தாள். "உக்காருங்க" என்றாள்.

டெல்மர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சுவரில் போட்டோ இருக்கிறதா என்று தேடினார். ஒரு பெரிய லாரியின் படம் இருந்தது. அதன் பக்கத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஓர் ஆள். அது யாராகவும் இருக்கலாம்.

"முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டினாரு," என்றாள் வயலெட். "மாசத்துல நாலு நாள்தான் வீடு. ரிட்டயர் ஆனப்புறமும் வாசப்படி தாண்ட மாட்டாரு. அவருக்குப் பழக்கம்னு யாருமே இல்லன்னு நான் எவ்வளவு வருத்தப்பட்டிருக்கேன் தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் எங்க பாத்துப்பீங்க?"

"அது... காட்டுப் பக்கம்."

"காட்டுப் பக்கமா! மரம்னா உசுர விடுவாரு. என்ன பேசுவாரு உங்ககிட்ட?"

டெல்மருக்கு வேர்த்தது. "ரொம்பப் பேச மாட்டாரும்மா."

"அதேதான்!" வயலெட் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்படியே அவர உரிச்சு வச்ச மாதிரி சொல்றீங்க!"

காதுவரை சூடேறியது டெல்மருக்கு. சட்டென்று விஷயத்துக்கு வந்து, கேட்டுவிட்டு, ஓடிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"அவரு மருந்து நிறைய வச்சிருந்தாருன்னு..."

"அத ஏன் கேக்கறீங்க! மேஜை பூரா மருந்துதான். நேத்துதான் நர்ஸ் வந்து எண்ணி எடுத்துட்டுப் போனாங்க."

"அந்த மருந்து இல்லம்மா, வந்து..."

"ஏன், உங்களுக்கும் ரத்தக் கொதிப்பா?" வயலெட் கரிசனத்தோடு முன்னால் குனிந்தாள்.

"காப்பி ஆறுது, குடிங்க," என்று ஆர்டிஸ் ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

குடித்தார். நாக்கு சுட்டது. கடைசியாக ஒரு வழி பிறந்தது. "கீழ் அறையில சாமான் கீமான் ஏதாவது ஒழிக்கணும்னா சொல்லுங்க. நான் சும்மாதான் இருக்கேன். வந்து தூக்கிப் போடறேன்."

"கீழ படி சரியில்ல," என்று ஆர்டிஸ் உடனே சொன்னாள். "ஆனா ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மாட்டற குளிர் ஜன்னல் பதினாலு இருக்கு. பனி விழறதுக்குள்ள மாட்டணும். அண்ணன் மாட்டணும் மாட்டணும்னே படுத்துட்டாரு."

சினேகிதன் எப்படி மாட்டேன் என்று சொல்வான்?

வீட்டுக்குத் திரும்பியதும் பெவ் கேட்டாள். "ஏன் டெல்மர், யாரு இந்த லாயிட்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"பழக்கம்."

"எவ்வளவு நாள் பழக்கம்?"

"பத்து வருஷம் இருக்கும்."

"பத்து வருஷமா! ஒரு நாளாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டியா அந்த மனுஷன? நோயில கிடந்தப்ப நான் ஒரு சூப்பாவது வச்சுக் கொடுத்திருப்பேனே! நீ என்ன ஜென்மமோ!" பெவ் கோபித்துக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் தேவாலயத்துப் பெண்களுக்கெல்லாம் போன் பறந்தது. பாவம் டெல்மர், உயிர்ச் சினேகிதனை இழந்துவிட்டு வாயைத் திறந்து அழக்கூட மாட்டேன் என்கிறார் என்று சேதி பரவியது. மறுநாள் தபால்காரர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் மாட்டப் போனார் டெல்மர். கொட்டகையில் பதினாலு ஜன்னல்களும் பழைய போர்வையில் சுற்றி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மரச்சட்டத்திலும் பென்சிலால் பொடிப்பொடி எழுத்து. லாயிட்டின் கையெழுத்து.

"வடக்கு 2. இடது மூலையில் தட்டணும். ஓங்கித் தட்டாதே."

"குளியலறை. இது எப்போதும் மக்கர் பண்ணும். கெட்ட வார்த்தை சொல்லாதே, வயலெட்டுக்குக் கேட்கும்."

"சமையலறை. அவள் நின்று வெளியே பார்க்கிற ஜன்னல். கண்ணாடியை இரண்டு தடவை துடை."

டெல்மர் சமையலறை ஜன்னலை மூன்று தடவை துடைத்தார். அவருடைய வீட்டில் பெவ் எந்த ஜன்னலில் நின்று வெளியே பார்ப்பாள் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

வீட்டின் பின்பக்கத்துக்குத் திரும்பியபோது ஒருத்தன் குனிந்து காய்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தான். குழாய் வேலை செய்கிற ரஸ். ரேஞ்சில் டெல்மருக்குப் பக்கத்து இடம் அவனுடையது.

"யோவ் ரஸ், இங்க என்னய்யா பண்ற?"

"கண்ணு தெரியல? இலை வாருறேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"லாயிட் என் சினேகிதன்."

"எந்த லாயிட்?"

"நீ எந்த லாயிட்டுக்கு ஜன்னல் மாட்டறியோ, அதே லாயிட்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தன வருஷப் பழக்கம்?" என்றார் டெல்மர்.

"பதினொண்ணு. உனக்கு?"

"பத்து" என்று நேற்றே சொல்லித் தொலைத்ததை நினைத்து டெல்மர் பல்லைக் கடித்தார்.

மதியத்துக்குள் கூரை ஓரத் தகரக் குழாயில் அடைத்திருந்த குப்பையை அள்ள, பால் பண்ணைக் கென்னி வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் டால் சகோதரர்கள் இரண்டு பேர் விறகு பிளக்கக் கோடரியோடு வந்தார்கள். மூன்று மணிக்கு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் திரு. ஆம்டால், கோட்டு போட்டு, பூசணிப் பணியாரத் தட்டைக் கையில் ஏந்தி வந்து இறங்கினார். இந்த ஐந்து பேரும் அவரிடம் படித்தவர்கள். பொய் சொன்னதற்காக ஐந்து பேரையும் ஆளுக்கொரு தடவையாவது வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். யார் கண்ணையும் பார்க்காமல் தட்டை ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டு, "லாயிட்டும் நானும்... இலக்கியம் பேசுவோம்" என்றார்.

"லாரி டிரைவர்கிட்டயா சார்?" என்றான் கென்னி.

"வாயை மூடு, கென்னத்."

யாரும் மருந்து என்ற வார்த்தையை எடுக்கவில்லை. ஆனால் கீழ் அறைக்குப் போகும் கதவை ஆறு பேரும் தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் ஆர்டிஸ் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

இலையோ விறகோ, எல்லா வேலையும் முடிந்ததும் அவள் ஆறு பேரையும் கூடத்தில் உட்கார வைத்தாள்.

"வெள்ளிக்கிழம பத்து மணிக்கு அடக்கம். பெட்டிக்கு இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர். கறுப்புக் கோட்டு இருக்கில்ல எல்லார்கிட்டயும்? மத்த விஷயமெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

'மத்த விஷயம்' என்று சொன்னபோது ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வயலெட் மட்டும் எழுந்து வந்து டெல்மரின் கையைப் பிடித்தாள்.

"முதல்ல வந்தவரு நீங்கதான். கோயில்ல அவரப் பத்தி ரெண்டு வார்த்த நீங்க பேசணும்."

டெல்மர் சட்டென்று தலைமை ஆசிரியரைக் காட்டினார். "எனக்குப் பேசவெல்லாம் வராதும்மா. சார் நல்லாப் பேசுவாரு. இலக்கியமெல்லாம் பேசியிருக்காங்க."

தலைமை ஆசிரியர் அசரவில்லை. "என்னைவிட டெல்மர்தான் ரொம்ப நெருக்கம். ஊரே சொல்கிறது."

"ஆமாமா," என்றான் ரஸ், பல்லெல்லாம் தெரிய. "தபால்காரர்கூடச் சொன்னாரு."

வியாழக்கிழமை சாயங்காலம் டெல்மர் சமையல் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'லாயிட் ஓர் அமைதியான மனிதர்' என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரமாக அடுத்த வரி வரவில்லை. அப்போது மாரிட் போன் பண்ணினாள்.

"அப்பா, அம்மா சொன்னா. உங்க சினேகிதர் தவறிட்டாராமே. எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. நீங்க எனக்காகத் தோட்டாவுக்கு அலைஞ்சிட்டிருக்க வேணாம், என்ன?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எப்படியாவது மருந்து கிடைச்சிடும். இப்போதைக்கு மூணுதான் இருக்கு..."

"மூணு இருக்கா? அப்புறம் என்ன? ஆளுக்கு ஒரு மான்தானப்பா அனுமதி. எனக்கு ஒண்ணு போதும். மூணையும் தவற விட்டா, உங்ககூட உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போறேன். நான் வரதே அதுக்குத்தான்."

போனை வைத்துவிட்டு டெல்மர் அந்த ஒற்றை வரியைத் திரும்பவும் படித்தார். மருந்து அவருக்குத் தேவையே இல்லை. இப்போது இல்லாமல் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. முதலிலிருந்தே தேவை இருக்கவில்லை. மகளிடம் மூன்று என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தக் கூத்து எதுவும் நடந்திருக்காது. ஒரு விதவையின் வீட்டுக்குள் பொய் சொல்லி நுழைந்து, அவள் காப்பியைக் குடித்து, அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள் டப்பா எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பெவ் வந்து, "எழுத வரலியா? துக்கத்துல வராதுதான்" என்று தலையைத் தடவிக்கொடுத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. பெவ் திரட்டிக்கொண்டு வந்த பெண்கள் பாதி பேர். முன் வரிசையில் கறுப்புக் கோட்டு போட்ட ஆறு பேர். பெட்டி திறந்திருந்தது. டெல்மர் கிட்டே போய் முதன்முதலாக லாயிட்டின் முகத்தைப் பார்த்தார். வழுக்கைதான். மீசை இல்லை. கன்னத்தில் ஒரு பெரிய மச்சம். பார்த்திருந்தால் ஜென்மத்துக்கும் மறக்க முடியாத மச்சம். பின்னால் நின்ற ரஸ்ஸும் எட்டிப் பார்த்து, "ஓ, இவரா" என்று முணுமுணுத்தான். தலைமை ஆசிரியர் அவன் காலை மிதித்தார்.

பாஸ்டர் கிறிஸ்டின் கூப்பிட்டதும் டெல்மர் மேடை ஏறினார். தாளைப் பிரித்தார்.

"லாயிட் ஓர் அமைதியான மனிதர்," என்று படித்தார்.

அதோடு தாள் முடிந்துவிட்டது. கோயில் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். வயலெட் முகத்தை உயர்த்தி, பசித்தவள் சோற்றுத் தட்டைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டைப் பற்றி ஏதாவது அளக்கலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இந்த வாரம் அவரு வீட்டுக்குக் குளிர் ஜன்னல் மாட்டினேன். ஒவ்வொரு ஜன்னல்லயும் பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. எத எங்க தட்டணும், எத தட்டக் கூடாதுன்னு. தனக்காக எழுதல. அவருக்குத்தான் மனப்பாடமா இருந்திருக்குமே. நமக்கப்புறம் வேற யாராவது வந்து மாட்டுவான், அவன் கஷ்டப்படக் கூடாதுன்னு எழுதியிருக்காரு."

பெவ் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

"சமையலறை ஜன்னல்ல, இது வயலெட் நின்னு வெளிய பாக்கற ஜன்னல், ரெண்டு தடவ துடைன்னு எழுதியிருக்காரு. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு, என் வீட்டுக்காரி எந்த ஜன்னல்ல நிக்கறான்னு எனக்குத் தெரியாது. இந்த மாதிரி ஒரு மனுஷன் நாலு தெரு தள்ளி இருந்திருக்காரு. எனக்கு அவர இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுக்கல. அது என் தப்பு. அதுக்கு நான் வெக்கப்படறேன்."

இறங்கி வந்தார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் கோயிலே அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது. பெவ் விசித்து அழுதாள். தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கென்னி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். லாயிட் நல்ல கனம். கோயிலுக்குப் பின்னால் இருந்த மேடுவரை காற்று முகத்தில் அறைந்தது. ரஸ் பாதி வழியில் கைமாற்றிக்கொள்ளக்கூட இல்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை டெல்மர் பார்த்தார்.

பிறகு கோயிலின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், காப்பி. வயலெட் மேஜை மேஜையாக வந்தாள். டெல்மரிடம் வந்ததும் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணமான நாப்பத்தி ரெண்டு வருஷமும் அவரு தனி ஆள்னே நினைச்சிட்டிருந்தேன். அவர இவ்வளவு புரிஞ்சவங்க ஆறு பேர் இருந்திருக்காங்க. இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்."

அவள் நகர்ந்ததும் ரஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். குரல் கம்மியிருந்தது. "யோவ், அந்தக் கீழ் அறை விஷயம்... யாராவது அந்தத் தங்கச்சிகிட்டக் கேளுங்கய்யா."

"நீ கேளு."

"என்னால முடியாது. பெட்டியத் தூக்கிட்டு வந்த கை இது."

"நானும் கேட்க மாட்டேன்," என்றார் தலைமை ஆசிரியர். டால் சகோதரர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கென்னி மூன்றாவது ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான், பேசாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே.

டெல்மர் எழுந்தார். கேட்பதற்கு இல்லை. எதுவும் கேட்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிடுவதற்கு. வயலெட்டிடம் சொன்னால் அவளுடைய நிம்மதி போய்விடும். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் அந்தக் காப்பி தொண்டையில் இறங்காது போல் இருந்தது.

சமையலறையில் ஆர்டிஸ் தனியாக நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெவ்வின் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

"பாத்திரம் எடுக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. ஒரு விஷயம் சொல்லணும்." டெல்மர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினார். "நான் உங்க அண்ணனோட சினேகிதன் இல்ல. அவர இன்னிக்குத்தான் முதல்ல பாத்தேன். பெட்டியில."

ஆர்டிஸ் ஒரு கோப்பையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "ம்."

"அவங்க அஞ்சு பேரும் அப்படித்தான்."

"ம்."

"கீழ் அறையில துப்பாக்கி மருந்து இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தோம். அதுக்காகத்தான் ஜன்னல் மாட்டினேன், அதுக்காகத்தான் பொய் சொன்னேன். இப்ப எனக்கு அது வேணாம். யாருக்கும் வேணாம். ஒரு சாவு வீட்டுல போய் இப்படி நடந்துக்கிட்டமேன்னு வெக்கமா இருக்கு. உங்க முகத்தப் பாக்க முடியல. மன்னிச்சுடுங்க."

ஆர்டிஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலெட்டுக்குக் கேட்காதபடி சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"எங்க அண்ணன் ஆயுசுல ஒரு துப்பாக்கியத் தொட்டது கிடையாது, பெட்டி தூக்க ஆறு பேர் பேரக் குடுங்கன்னு பாஸ்டர் கேட்டாங்க, எங்களுக்கு ஒரு பேர்கூடத் தோணல, அதான் அந்த டெப் கடைக்கு போன் போட்டு, கீழ் அறை பூரா துப்பாக்கி மருந்து இருக்குன்னு நானே சொன்னேன்."